கிளட்ச் போன காரும் படுத்துக்கொடுத்த மலையும்

கிண்ணக்காட்டுக்கும் நெல்லிப்பாளையத்துக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, இடையில் கொஞ்ச காலம் மட்டும் அது படுத்திருந்தது. மாசிலாமணியின் பழைய சாம்பல் நிறக் காரில் கிளட்ச் போனதால்தான் அது படுத்தது என்பதை, அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், போன வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்வார்கள்.

மலைக்குப் பெயர் கடுக்காமலை. அதன் முதுகுக்குப் பின்னால், மேடுகள் சூழ்ந்த பள்ளத்தில், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய பருக்கைகள் போல ஒட்டிக்கிடந்த ஊர் கிண்ணக்காடு. காபி விளையும், மிளகு விளையும், மலைவாழை விளையும். வெயில் மட்டும் தாமதமாக வரும், ஏனென்றால் சூரியனும் அந்த மலையை ஏறிக் கடந்துதான் ஊருக்குள் வந்தாக வேண்டும். ஆஸ்பத்திரியும் பெரிய பள்ளிக்கூடமும் மருந்துக்கடையும் மலைக்கு அந்தப் பக்கம், நெல்லிப்பாளையத்தில் இருந்தன. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், இரண்டுக்கும் நடுவில் யாருக்காவது முடியாமல் போனால் மாசிலாமணியின் கார்.

மாசிலாமணி ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டால், "வண்டி ஒரு எடத்துல நின்னாத்தானே பொண்ணு பாக்கப் போக" என்பார். ஊரில் ஓடித்திரிந்த பிள்ளைகளில் பாதிப்பேர், தாய் வயிற்றில் இருந்தபடியே அந்தக் காரின் பின்சீட்டில் மலையைக் கடந்தவர்கள். அதனால் அவர்களுக்கு மலையேறும்போது தலை சுற்றாது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு.

மாசி மாதம், காபிப் பூ மொட்டு விட்டிருந்த ஒரு காலையில், பஸ் போய்விட்ட பிறகு, நாகவேணிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். புருஷன் ஏலத்தோட்டத்து வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருந்தான். மாமியார் ஒரு கையில் பழந்துணி மூட்டையும் மறுகையில் மருமகளின் முழங்கையுமாகக் காரில் ஏறினாள். மாசிலாமணி வண்டியை எடுத்தார். முதல் வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்தது என்று வண்டி ஏறத்தான் செய்தது, ஆனால் இன்ஜின் போடுகிற சத்தத்துக்கும் சக்கரம் உருளுகிற வேகத்துக்கும் பொருத்தமில்லாமல் இருந்தது; மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியது, சக்கரமோ யாரோ கூப்பிட்டதைக் கேட்டும் கேட்காததுபோல மெல்ல நகர்ந்தது. நாவல்மர வளைவு என்று சொல்லப்படும் செங்குத்தான இடத்துக்கு வந்தபோது கருகிய நாற்றம் காருக்குள் நிறைந்தது, இன்ஜின் உச்சத்தில் அலறியது, கார் நின்றது, பிறகு பின்னால் நழுவத் தொடங்கியது. மாசிலாமணி கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, இறங்கி ஓடி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்.

"என்ன சித்தப்பா?" என்றாள் நாகவேணி, பல்லைக் கடித்தபடி.

"கிளட்ச் வழுக்குது தாயி. இன்ஜினு சுத்துது, சக்கரத்துக்கு வந்து சேரல."

"இப்ப என்ன செய்ய?"

அந்த வளைவில் போனில் சிக்னல் கிடைக்காது, மேலே இருந்தும் கீழே இருந்தும் அந்த நேரத்தில் வேறு வண்டி வராது, நாகவேணியின் வலியோ வந்துவந்து போவதை விட்டுவிட்டு வந்தபடியே இருந்தது. மாசிலாமணி கோயிலுக்கு அதிகம் போகிற ஆள் இல்லை, அவருக்கு வேண்டிக்கொள்ளவும் அவ்வளவாகத் தெரியாது. பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரிடம் பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் கேட்பதுபோல, ரோட்டோரப் பாறையில் கையை வைத்துக் கேட்டார்: "ஒரு பொம்பளப்புள்ள வலியில துடிக்குது. கொஞ்சம் தணிஞ்சு குடேன்."

மலை தணிந்தது.

குழந்தையை முதுகில் ஏற்றிக்கொள்ளக் குனிகிற யானை முதலில் முன்காலை மடக்கி, பிறகு பின்காலை மடக்கி, வயிறு தரையில் படும்வரை அவசரப்படாமல் இறங்குமே, அப்படித்தான் கடுக்காமலை இறங்கியது. ஒரு கல் உருளவில்லை, ஒரு மரம் சாயவில்லை, நாவல் மரத்தில் உட்கார்ந்திருந்த குருவி பறக்கக்கூட இல்லை. மடித்துப் போட்டிருந்த ரோடு, சுருட்டிய பாயை விரித்தாற்போல, நேராக நெல்லிப்பாளையம் வரைக்கும் நீண்டு கிடந்தது. மாசிலாமணி கல்லை எடுத்துப்போட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்தார். மேட்டில்தான் அந்தக் கிளட்சுக்கு வலு இல்லை. சமதரையில், மெல்ல மிதித்தால், நொண்டி நொண்டியாவது போகும். அப்படியே போனது. ஆஸ்பத்திரி வாசலில் நாகவேணியை இறக்கியபோது, அவர் திரும்பிப் பார்த்து, மலை இருந்த இடத்தில் வானம் மட்டும் இருப்பதைக் கண்டு, கைகூப்பினார். உள்ளே பெண்குழந்தை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

மலை படுத்த செய்தி கிண்ணக்காட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய தேவையே இருக்கவில்லை. மறுநாள் சூரியன் வழக்கத்துக்கு வெகு முன்னதாக ஊருக்குள் வந்து, எழுந்திராத சேவல்களை வெட்கப்படுத்தியது. முற்றம் தெளிக்கிற பெண்கள் வாளியோடு வெளியே வந்து, ஏற்கெனவே விடிந்துவிட்டதைப் பார்த்துத் தங்கள் கை தாமதப்பட்டதாக நினைத்து வேகவேகமாகத் தெளித்தார்கள். கிழக்கே பார்த்தால் நெல்லிப்பாளையத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, ஆஸ்பத்திரி தெரிந்தது, பள்ளிக்கூடத்து மணி கேட்டது. "மலை படுத்திருச்சாம்ல" என்றார் ஒருவர். "ஆமா, வேணிக்குப் பிரசவத்துக்காகப் படுத்துச்சாம். பொம்பளப்புள்ள" என்றார் இன்னொருவர். அப்புறம் பேச்சு குழந்தை யார் சாடை என்பதற்குத் திரும்பிவிட்டது.

ஊர் மெல்ல அதற்குப் பழகிக்கொண்டது. முழங்கால் வலிக்காரர்கள் பொடிநடையாக நெல்லிப்பாளையம் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கித் திரும்பினார்கள். இட்லிக்காரர் சைக்கிளில் வந்தார். எங்கே நின்றாலும் போனில் சிக்னல் கிடைத்ததால், கேரளாவில் இருந்த நாகவேணியின் புருஷன் குழந்தையின் அழுகையைக் கேட்டு, அங்கே அவனும் அழுதான். 'கொண்டை ஊசி வளைவு, முதல் கியரில் செல்லவும்' என்ற பலகை சமதரையில் நின்றது. பஸ் டிரைவர் அதை மதித்து அந்த இடத்தில் முதல் கியருக்கு மாறி, கடந்ததும் சிரித்துக்கொள்வார். குரங்குகளுக்குத்தான் சங்கடம். மேலே ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மேலே என்று ஒன்று இல்லாமல், அவை ரோட்டோரத்தில் மனிதர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன.

மாசிலாமணியின் கார் ஆஸ்பத்திரிக்கு எதிரே, சுலைகாவின் பட்டறையில் நின்றது. சுலைகாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாப்பாவிடம் தொழில் கற்று, புருஷன் வெளிநாடு போன பின்பு பட்டறையைத் தனியாகவே நடத்திக்கொண்டிருந்தவள். தலைத்துணியைப் பின்னுக்கு முடிந்துகொண்டு வண்டிக்கு அடியில் போனால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வெளியே வர மாட்டாள்.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருக்கும் தங்கச்சி, மாத்திரு" என்றார் மாசிலாமணி.

"இருங்கண்ணே, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள்.

முதலில் பெடலைக் கையால் அழுத்தி, மேலே எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று பார்த்தாள். அது சரியாக இருந்தது, ஆகவே திருகித் தீர்க்கிற கோளாறு இல்லை. பிறகு அவரை உட்காரச் சொல்லி, கைப்பிரேக்கை இறுக்கி, டாப் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடச் சொன்னாள். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே திணறி நின்றுபோகும். இதுவோ கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிருங்க. போதும்" என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தவள், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து விரலை நீட்டினாள். விரல் நுனியில் கறுப்பு எண்ணெய்.

"கியர் ஆயில்னா கெட்டியா இருக்கும், வாடையும் வேற. இது இன்ஜின் ஆயில். பின்னாடி எண்ணெய அடைக்கிற சீலு போயி, சொட்டு சொட்டா உள்ள எறங்கி, பிளேட்டு பூரா எண்ணெயில நனஞ்சு கெடக்கு. அதான் வழுக்குது. சீலு மாத்தாம புது பிளேட்டு போட்டா அதையும் நனைச்சிரும்."

"சீலு கெடைக்குமா?"

"சீலு எங்கிட்டயே இருக்கு. இந்த வண்டிக்குப் பிளேட்டு இப்ப யாரு செய்றா? தேடணும்."

தேடினார்கள். சுலைகா தெரிந்த கடைக்கெல்லாம் போன் செய்தாள். மாசிலாமணி பஸ் ஏறி மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்ப் பழைய சாமான் கடைகளில் எண்ணெய்க் கறை படிந்த குவியல்களைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அவருக்கு மட்டும்தான் அவசரம் இருந்தது. ஒரு பெண்ணுக்காகக் குனிந்த மலை குனிந்தபடியே கிடக்கிறது, காரைச் சரிசெய்து கொண்டுபோய் நிறுத்தி, 'எழுந்துக்கோ, இனி நான் ஏறிக்கிடுவேன்' என்று சொல்லாத வரைக்கும் அது எழுந்துகொள்ளாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஊருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் ஊரில் பேச்சு வேறு விதமாகக் கிளம்பியது.

"கார் அப்படியே கெடந்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்று முதலில் கேட்டவர் அங்கமுத்து.

அங்கமுத்து காபிக் கொட்டை வியாபாரம் பார்த்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடதுகால் ஊனமானதிலிருந்து வீட்டோடு இருந்தார். இளவயதில் அவருடைய மனைவி பூரணத்தை, ரோடு வருவதற்கு முன்பு, கம்பில் தூளி கட்டி மலைமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் அது தலைப்பிரசவம்தான். உச்சியைத் தொடுவதற்கு முன்பே தூளியின் கனம் மாறிவிட்டது. அன்றிலிருந்து அவர் மலையின் முகத்தில் விழிப்பதில்லை. வீட்டு வாசலை மேற்கே மாற்றி வைத்துக்கொண்டார். இப்போது மலை படுத்ததும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கிழக்கே திரும்பி நின்று பார்த்தார்.

"படுத்தே கெடக்கட்டும்" என்றார் ஊர்க்கூட்டத்தில். "இனி எந்தப் பொம்பளையும் மேட்டுல சாக வேண்டாம்."

அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதற்குள் வேறு சிலதும் கண்ணில் படத் தொடங்கியிருந்தன. சுனைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்ற இடத்தில் நின்றது; அதன்மேல் பாசி படர்ந்தது. கிழக்கே இருந்து வந்த மேகம், நிறுத்தத்தில் ஆள் இல்லாத பஸ் போல, ஊரைத் தாண்டிப் போனது. காலையில் பனி இறங்கவில்லை. மொட்டு விட்டிருந்த காபிச்செடி பூக்காமல் மொட்டாகவே காய்ந்தது. நெல்லிப்பாளையத்துக் கிணறுகளிலும் வாளிக்கயிறு நீளமாகிக்கொண்டே போனது. பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு, "முதல்ல பிளேட்டு கெடைக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று முடித்துவைத்தார்.

பிளேட் இருந்த இடமும் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அங்கமுத்துவின் வீட்டுக்குப் பின்னால் அதே மாதிரிக் கார் ஒன்று நின்றது. மூட்டை ஏற்ற வைத்திருந்த வண்டி. புது கிளட்ச் மாட்டிய மாதத்திலேயே, கிளட்சை மிதிக்கிற அந்த இடதுகால் போய்விட்டதால், அப்படியே விடப்பட்டு இப்போது கோழிகள் அடைகிற கூண்டாகியிருந்தது. மாசிலாமணி அங்கே போனார். வாசல்வரை போய், என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும் மாசி" என்றார் அங்கமுத்து. "தரமாட்டேன். உம்மேல கோவம் இல்ல. உக்காரு, காபி குடிச்சிட்டுப் போ."

மாசிலாமணி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தார். சண்டை பிடிக்கத் தோன்றவில்லை. பூரணத்தைத் தூக்கிப்போன தூளிக்கம்பின் ஒரு முனையைப் பிடித்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் இருந்து நேரே கிண்ணக்காட்டுக்கு நடந்தே வந்துவிட்டிருந்த நாகவேணி, இதைக் கேள்விப்பட்டாள். ஒரு மத்தியானம், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அங்கமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அப்பா காட்டிலாகாவில் யானைக்காவல் பார்த்தவர். யானைகளைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு தாயி."

"யான படுத்து எந்திரிக்காம கெடந்தா என்ன ஆகும்னு தெரியுமா? அதோட கனமே அத அமுக்கிரும். மூச்சு விட முடியாது. எங்கப்பா வேலையில இருக்கையில, விழுந்த யானைய நிமித்த ஊரே சேர்ந்து கயிறு போட்டு இழுக்கும். பாவம்னு மட்டும் இல்ல மாமா. கெடந்தா செத்துரும், அதுக்காக."

அங்கமுத்து அவள் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "எம் பூரணத்துக்குப் படுக்கலையே" என்றார். குரலில் கோபம் இல்லை. இத்தனை வருஷமாக ஒரே கேள்வியைச் சுமந்து தோள் வலித்தவரின் குரல் அது. "அன்னிக்கு நானும்தானே பாறையில தலைய முட்டி அழுதேன். எனக்குப் படுக்காத மலை இன்னிக்கு எப்படிப் படுத்துச்சு?"

நாகவேணி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு அதுக்குத் தெரிஞ்சிருக்காது மாமா. நீங்க அழுதத கேட்டுக்கிட்டு நின்னதுல இருந்துதான், எப்படிப் படுக்கிறதுன்னு கத்துக்க ஆரம்பிச்சிருக்கும். எனக்காகப் படுத்துச்சுன்னு ஊர் சொல்லுது. எனக்கு என்னமோ, அத்தைக்குப் படுக்க முடியாமப் போனதாலதான் எனக்குப் படுத்துச்சுன்னு தோணுது."

அவள் போன பிறகு அங்கமுத்து கைத்தடியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். படுத்திருந்த மலையின்மேல், முன்பு சரிவில் வளர்ந்து இப்போது சமதரையில் நின்ற மரங்களுக்கு நடுவே, ஊன்றி ஊன்றி நடந்து, நாவல் மரத்தின் அருகே உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து, நோயாளியின் நெஞ்சில் காதை வைப்பதுபோல, மண்ணில் காதை வைத்தார். அடியில் மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கும்போது இருந்த சிரமம் வெளியே விடும்போதும் இருந்தது. கனத்த மூட்டையோடு நெடுந்தூரம் வந்தவர் மூட்டையை இறக்க இடம் தேடும்போது விடுகிற மூச்சு. தூளி தூக்கியவர்கள் அன்றைக்கு விட்ட மூச்சும் இதே போலத்தான் இருந்தது. அவர் அங்கேயே கிடந்து நன்றாக அழுதார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வேறு கூடையில் அடைத்துவிட்டு, மாசிலாமணிக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த நாள் காலை சுலைகா தன் சாமான் பெட்டியோடு கிண்ணக்காட்டுக்கு வந்தாள். கோழிக்கூண்டின் வயிற்றிலிருந்து கிளட்சைக் கழற்றினாள். பிளேட்டின் ஓரத்தில் மெலிசாகத் துரு. நடுவில் புதுசின் கனம் அப்படியே இருந்தது. "இது ஓடவே இல்லண்ணே" என்று அங்கமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா இருக்கு." அதைத் துணியில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு நெல்லிப்பாளையம் திரும்பினாள்.

பட்டறையில் சாம்பல் நிறக் காரைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தினார்கள். கிண்ணக்காட்டிலிருந்து பாதிப்பேர் நடந்தே வந்து சுற்றி நின்றார்கள். மலை எழுந்துவிட்டால் திரும்பவும் முழங்கால் வலியோடு வீட்டில் கிடக்கப் போகிறவர்களும் வந்திருந்தார்கள்; அவர்கள்தான் முதல் வரிசையில் நின்றார்கள். சுலைகா பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றினாள், கியர்பாக்ஸின் போல்ட்டுகளைத் தளர்த்தினாள், நான்கு ஆண்கள் அதைத் தாங்கி, தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுப்பதுபோலப் பின்னுக்கு இழுத்து இறக்கினார்கள். பழைய பிளேட் வெளியே வந்தது, எண்ணெய் குடித்துக் கறுத்து, ஓரம் கருகி, முகம் கண்ணாடியாகப் பளபளத்துக்கொண்டு. மாசிலாமணி அதைக் கையில் வாங்கி, "இத வச்சுக்கிட்டா நாவல்மரம் வரைக்கும் ஏறுன" என்று காரிடம் சொன்னார்.

இன்ஜினின் பின்னால் இருந்த வெடித்த சீலு வளையத்தை நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி உட்காரவைத்தாள் சுலைகா. சக்கரம் போன்ற கனத்த இரும்பைப் பெட்ரோல் துணியால் துடைத்துத் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தாள். அங்கமுத்துவின் பிளேட்டை வைத்து, அது நடுவில் நிற்கிறதா என்று பழைய கியர்த்தண்டின் துண்டு ஒன்றைச் செருகிப் பார்த்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். "ஒரே பக்கமா முறுக்கினா கோணிக்கும்" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். கியர்பாக்ஸ் திரும்பப் போகமாட்டேன் என்றது; ஆட்டி, நகர்த்தி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி தள்ளியபோது உள்ளே வழுக்கி அமர்ந்தது. எல்லாம் மாட்டி முடித்ததும் கைப்பிரேக்கை இறுக்கி, டாப் கியரைப் போட்டு, கிளட்சை விடச் சொன்னாள்.

இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அங்கே நின்ற அத்தனை பேரும், கார் நின்றுபோனதற்காக, மூச்சை விட்டுச் சிரித்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். மேட்டுல நிக்கையில பாதிக் கிளட்சுல தொங்கிக்கிட்டு நிக்காதீங்க. பிரேக்கப் போட்டுட்டுக் கால எடுத்துருங்க."

"சரி தங்கச்சி. நல்லா இருப்ப."

பின்சீட்டில் நாகவேணி பிள்ளையோடு உட்கார்ந்தாள். முன்சீட்டில் அங்கமுத்து, அவரை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே கதவைத் திறந்து ஏறினார். மற்றவர்கள் எல்லாரும் நடந்து ஊருக்குள் போய்ச் சேர்ந்ததும், மாசிலாமணி வண்டியைக் கிளப்பி, சமதரையில் கிண்ணக்காட்டுப் பக்கம் வரைக்கும் வந்து, வந்த வழியைப் பார்த்துத் திருப்பினார். மலை படுத்திருந்த இடத்தின் விளிம்பில், முன்பு முதல் வளைவு இருந்த இடத்தில், நிறுத்தி, இறங்கி, மண்ணில் கையை வைத்தார்.

"ரொம்ப நேரம் கெடந்துட்ட. இனி ஏறிக்கிடுவேன். எந்திரிச்சுக்கோ."

ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். கார் நகர நகர, அதன் முன்சக்கரத்துக்கு அடியில் ரோடு மெல்ல உயர்ந்தது. ஒரு வளைவு எழுந்து, காரால் ஏற முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ஏற முடிகிறது என்று தெரிந்த பிறகே அடுத்த வளைவு எழுந்தது. எண்ணெய் படாத பிளேட் இரும்பைப் பற்றியது. இன்ஜின் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவும் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் சாய்ந்து நிமிர்ந்தன, நின்றிருந்த தண்ணீர் எங்கேயோ அசைந்து கொடுத்தது, மேற்கே போய்க்கொண்டிருந்த மேகம் ஒன்று முட்டி நின்றது. நாகவேணி பிள்ளையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி இருந்தாள். பிள்ளை தூங்கியது.

நாவல்மர வளைவுக்கு வந்தபோது அங்கமுத்து, "நிறுத்து மாசி" என்றார்.

மாசிலாமணி பிரேக்கைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். அப்போதுதான் கவனித்தார், வளைவு முழுசாக எழுந்திருக்கவில்லை. மலை மற்ற எல்லா இடத்திலும் பழைய உயரத்துக்கு வந்து, இந்த ஒரு தோளை மட்டும் தணித்தே வைத்துக்கொண்டது. செங்குத்தாக இருந்த இடம் கைக்குழந்தைக்காரி மூச்சு வாங்காமல் ஏறுகிற சரிவாகக் கிடந்தது. இன்றைக்கும் அங்கே அப்படித்தான். அந்த வருஷத்திலிருந்து அந்த வளைவில் ஒரு வண்டியும் நின்றுபோனதில்லை, எந்தப் பெண்ணும் வழியில் தவறிப்போனதில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்காகப் பஞ்சாயத்து மத்தியானத்துக்கும் ஒரு பஸ் கேட்டு வாங்கியது. இந்தச் சரிவு இருந்ததால்தான் கொடுத்தார்கள்.

அங்கமுத்து இறங்கி, தடியை ஊன்றி, ரோட்டோரப் பாறைவரைக்கும் போனார். இத்தனை வருஷமாக அதனிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், உள்ளங்கையை அதன்மேல் வைத்து, வேலையிலிருந்து திரும்பிய வீட்டு ஆளிடம் கேட்பதுபோல, தணிந்த குரலில் கேட்டார்:

"முதுகு ரொம்ப வலிக்குதா?"

பாறையிடுக்கில் இருந்து சுனைத் தண்ணீர் இறங்கி வந்து, அவருடைய ஊனமான காலையும் நல்ல காலையும் ஒன்றுபோல நனைத்துவிட்டு, கீழே கிண்ணக்காட்டைப் பார்த்து ஓடியது. அவர் திரும்பி வரும்வரை மாசிலாமணி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.